ஒரு பையனுக்கு ஐந்து அடுப்படி: சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளையின் எடை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தொடக்கநிலை 4 படிக்கும் பத்து வயதுத் தமிழ்ப் பையன். உயரம் 138 செ.மீ., எடை 47 கிலோ. ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அப்பாவுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை, அம்மாவுக்கு நகரத்தில் அலுவலகம். இரண்டு புளோக் தள்ளி அப்பாவைப் பெற்ற பாட்டி. இந்தக் குடும்பம் எந்த ஒரு வீட்டையும் குறிப்பதல்ல. பல வீடுகளில் பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து அமைத்தது. பையனின் அளவுகளும் அப்படியே. நாட்டளவிலான எண்ணிக்கைகள், திட்டங்கள், ஆண்டுகள் மட்டும் உள்ளது உள்ளபடி. பையனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நம்மில் பாதி வீடுகளில் அதுதானே பெயர்.

பள்ளியில் உயரம், எடை அளந்த பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வயதுக்கு ஏற்ற அளவைவிட எடை கூடுதல், மருத்துவ ஆலோசனை நல்லது என்று அதில் இருந்தது. அம்மா உடனே கணக்குப் போட்டார். தம்பியின் பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எண்) 24.7, அவருடையது 27. "என்னைவிடக் குறைவாத்தானே இருக்கு, இதுக்கு எதுக்குக் கடிதம்?" என்று கேட்டார். இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. ஆசியப் பெரியவர்களுக்கு 23க்கு மேல் போனால் நோய் அபாயம் கூடும், 27.5க்கு மேல் மிக அதிகம் என்று இங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது. அதே வயது, அதே பாலினப் பிள்ளைகளின் வரிசையில் எங்கே நிற்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். பத்து வயதில் 24.7 என்பது வரிசையின் கடைசிப் பக்கம்.

தம்பி தனியாள் இல்லை. பொதுப் பள்ளிகளில் அதிக எடையுள்ள மாணவர்களின் பங்கு 2013இல் 11 விழுக்காடு, 2017இல் 13, 2021இல் 16. கடைசி ஏற்றத்தில் கொரோனாவுக்கும் கை உண்டு. 2020 ஏப்ரலில் பள்ளிகள் மூடி எல்லாரும் வீட்டிலிருந்து படித்தார்கள், விளையாட்டுத் திடல்களைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். ஆனால் ஏற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் கவலை இருக்கிறது. 2010 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 17.2. மூன்று பெரிய இனங்களில் அப்போது நாம்தான் முதலிடம். இப்படி ஒரு முதலிடத்தைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேச மாட்டார்கள்.

ஒரு நாள், மணி பார்த்து

வீட்டில் முதலில் நடந்தது விசாரணை. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது? அம்மா பள்ளி உணவகத்தைச் சந்தேகப்பட்டார். கையில் காசு கொடுத்து அனுப்புகிறோம், எதை வாங்குகிறானோ என்ற பயம். அப்பா பாட்டியைச் சந்தேகப்பட்டார், ஆனால் வெளியே சொல்லவில்லை. பாட்டிக்கு யார் மேலும் சந்தேகமில்லை, ஏனென்றால் அவர் கண்ணுக்கு இதில் பிரச்சினையே இல்லை. "வளர்ற பிள்ளை. உயரம் போட்டா சதை தன்னால இறங்கிடும். அவங்கப்பனும் இந்த வயசுல இப்படித்தான் இருந்தான்." (அவங்கப்பன் இன்றும் அப்படித்தான் இருக்கிறார் என்பதை யாரும் சொல்லவில்லை.)

கடைசியில் ஒரு வாரம், தம்பி வாயில் போவதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போடுவது என்று முடிவானது. மாணவர் பராமரிப்பு நிலையத்து ஆசிரியையும் ஒத்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு எழுந்து, பள்ளிப் பேருந்துக்கு முன் ஒரு குவளை மைலோ. மைலோ தூளோடு இரண்டு பெரிய கரண்டி கண்டென்ஸ்டு மில்க். தேடவேண்டிய சர்க்கரை தூளில் மட்டும் அல்ல, அந்தப் பாலிலும்தான். அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை அங்கேயே உள்ளே போய்விட்டது. வகுப்பில் சிறு இடைவேளைக்கு சாக்லேட் பன். அப்புறம் அரை மணி நேர இடைவேளை, அதில் உணவகம்: சோறு, தோல் நீக்கிய கோழி, கீரை, ஒரு துண்டு தர்ப்பூசணி. ஒன்றரை மணிக்குப் பள்ளி முடிந்து பராமரிப்பு நிலையம். அங்கே கேட்டரிங் நிறுவனம் அனுப்பும் சோறு, பொரித்த மீன், மேலே ஊற்றிய குழம்பு. நாலு மணிக்கு பிஸ்கட்டும் பொட்டலப் பானமும். வாரத்தில் இரண்டு நாள் அங்கிருந்து டியூஷன். டியூஷன் நிலையம் இருக்கும் கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் பபிள் டீ. ஏழு மணிக்குப் பாட்டி வீடு: முறுக்கோ, கீழே காப்பிக்கடையில் வாங்கிய இரண்டு கோசோங் (உள்ளே எதுவும் வைக்காத) பராட்டாவோ. ஒரு பராட்டாவில் சுமார் 200 கலோரி, அதற்கு மேல் கறிக்குழம்பு, சில நாள் சீனி. எட்டரைக்கு வீட்டில் இரவுச் சாப்பாடு. அப்பா இரண்டாம் ஷிப்ட் முடிந்து பத்தரைக்கு வந்தால் கையில் மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்) பொட்டலம். நாள் முழுக்க பிள்ளையைப் பார்க்காதவர். அவனோடு சேர்ந்து சாப்பிடக் கிடைப்பது அந்த இருபது நிமிடம்தான். தம்பி அதற்காகவே விழித்திருப்பான்.

தூங்கும்போது மணி பதினொன்று. இந்த வயதுக்கு ஒன்பது முதல் பதினொரு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கின்றன இங்குள்ள குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டிகள். தம்பிக்குக் கிடைப்பது ஏழு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறும், அடுத்த நாள் இனிப்பும் எண்ணெயும் கூடுதலாகக் கேட்கும், ஓடி விளையாட உடம்பு வராது. எடை பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது அம்மாவுக்கு ஆச்சரியம். அவர் முதலில் சந்தேகப்பட்ட உணவகத் தட்டுதான் அன்றைய நாளின் நல்ல சாப்பாடு. அரைத் தட்டு காய்கனி, கால் தட்டு முழுதானியம், கால் தட்டு புரதம் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் ஆரோக்கியத் தட்டுக்கு அருகே வந்தது அது ஒன்றே. மற்ற நான்கு அடுப்படியிலிருந்தும் வந்தவை தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு முறுக்கு, ஒரு பொட்டலப் பானம், ஒரு பராட்டா. "ஒரு முறுக்குலயா குண்டாயிடுவான்?" என்ற பாட்டியின் கேள்வி நியாயமானதுதான். ஐந்து பேரும் அதே நியாயத்தோடு கொடுத்தார்கள், ஐவரில் ஒருவருக்கும் மொத்தம் தெரியாது.

பள்ளி முன்பு செய்ததும் இப்போது செய்வதும்

உணவகத் தட்டு தானாக நல்லதாகிவிடவில்லை. இப்போது நாற்பதை ஒட்டி இருப்பவர்களுக்கு டாஃப் என்ற பெயர் நினைவிருக்கும். ட்ரிம் அண்ட் ஃபிட் திட்டத்தைக் கல்வி அமைச்சு 1992இல் தொடங்கியது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, இடைவேளையிலும் பள்ளிக்கு முன்னும் பின்னும் ஓடவிட்டார்கள். சில பள்ளிகளில் எத்தனை கலோரி வரை வாங்கலாம் என்று குறித்த சீட்டும் உண்டு. பள்ளிகளுக்கு டாஃப் விருதுகள் வேறு. எண்ணிக்கையைப் பார்த்தால் பலன் கிடைத்தது. அந்தப் பத்தாண்டில் அதிக எடையுள்ள மாணவர்களின் விகிதம் இறங்கியது. ஆனால் சக மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர்கள் கண்முன்னே திடலைச் சுற்றி ஓடிய பிள்ளைக்கு அந்தப் பத்தாண்டில் என்ன கிடைத்தது என்பது வேறு கணக்கு. கிண்டல், வெட்கம். உணவுக் கோளாறுகளோடு இதற்குத் தொடர்பு உண்டா என்ற விவாதமும் எழுந்தது. 2007இல் திட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லா மாணவர்களையும் உள்ளடக்கும் முழுமையான உடல்நலக் கட்டமைப்புக்கு மாறினார்கள்.

டாஃப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அதன் மூலக் கோளாறு ஓட்டம் அல்ல. சமைக்காத, வாங்காத, நேரத்தை முடிவு செய்யாத ஒரே ஆளிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்ததுதான். பத்து வயதுப் பிள்ளை தன் வீட்டு அரிசிப் பானையைத் தேர்ந்தெடுப்பதில்லை. விருது பள்ளிக்கு, வியர்வை பிள்ளைக்கு.

இன்றைய பள்ளி உணவுத் திட்டம் அந்தத் திசையைத் திருப்பிப் போட்டது. பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் போனார்கள். பள்ளி உணவகங்களில் சோறு, நூடல்ஸ், ரொட்டியில் ஒரு பங்கு முழுதானியம் கலக்க வேண்டும். சோற்றில் பழுப்பரிசி ஐந்தில் ஒரு பங்காவது. முழுச் சாப்பாட்டில் காயும் பழமும் கட்டாயம். பொரித்ததற்கும், சாசேஜ், நகெட் போன்ற பதப்படுத்திய இறைச்சிக்கும் கடும் வரம்பு. இனிப்புப் பானங்களுக்கும் கட்டுப்பாடு. தம்பியின் தட்டில் அந்தக் கீரை வந்ததற்குக் காரணம் அவன் அம்மாவும் இல்லை, அவனும் இல்லை. ஒரு விதி.

விதிக்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பவர் உணவகத்து ஆன்ட்டி. பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில்தான் விற்க வேண்டும், வருடத்தில் பல வாரம் விடுமுறை, வியாபாரம் முழுவதும் அந்த அரை மணி நேர நெரிசலில். பள்ளிகள் வாங்கும் வாடகை பெயரளவுக்குத்தான் என்றாலும், காய்கறி விலையும் கூலியும் பெயரளவுக்கு இல்லையே. வயதான கடைக்காரர்கள் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது சிரமமாகிவிட்டது. அதனால்தான் மையச் சமையலறையில் சமைத்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் முறையைச் சில பள்ளிகளில் கொண்டுவருகிறார்கள். அந்த முறையில் உப்பையும் எண்ணெயையும் ஒரே இடத்தில் கட்டுப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் "நேத்து கீரையை மிச்சம் வச்சே, இன்னிக்கு சாப்பிட்டாத்தான் விடுவேன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள் அங்கே இருக்க மாட்டார். இந்த இழப்பை எந்த ஒப்பந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி உணவு என்றால் பசிக்குப் பதில். 1982இல் எம்ஜிஆர் விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்காக. சிங்கப்பூரில் பசி இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிதி உதவி பெறும் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி வாரத்தில் ஏழு வேளைச் சாப்பாடு கிடைக்கிறது. ஐந்து நாளுக்கு ஏழு வேளை என்றால் சில காலைச் சாப்பாடுகளும் அதில் அடக்கம். ஆக ஒரே உணவகம், ஒரே இடைவேளையில், ஒரு பிள்ளைக்குச் சாப்பாட்டைக் கூட்டவும் இன்னொரு பிள்ளைக்கு அளவாகக் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. உடற்பருமனைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இந்த முதல் பிள்ளையை மறந்துவிடுகிறார்கள்.

முத்திரை எட்டாத இடம்

பானங்களில் அரசு நேரடியாகவே இறங்கியது. பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் முத்திரை, ஏ முதல் டி வரை தரம் காட்டுவது. கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கு ஓராண்டு கழித்து. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி, விளம்பரம் செய்யக்கூடாது. நிறுவனங்கள் முத்திரைக்குப் பயந்து செய்முறையையே மாற்றின. பொட்டலப் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் பானத்தின் அளவு) 2017இல் 7.1 விழுக்காடு, 2023இல் 4.6. அறிவுரையால் இவ்வளவு நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆனாலும் பராமரிப்பு நிலையத்தில் தம்பி குடித்த பொட்டலத்தில் பி என்றுதான் இருந்தது. பி என்றால் 100 மில்லிலிட்டரில் 5 கிராம் வரை போகலாம். 250 மில்லிலிட்டர் பொட்டலம் என்றால் பன்னிரண்டரை கிராம், இரண்டரைத் தேக்கரண்டி. பி என்பது சி, டியைவிடப் பரவாயில்லை என்ற அளவில்தான். பாட்டி வீட்டுக் குவளைக்கோ, காலை மைலோவுக்கோ எந்த முத்திரையும் கிடையாது. சட்டம் கடை வாசல் வரைதான் வரும்.

யார் பங்கு எது

எல்லாருக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்வது சுலபம். அப்படிச் சொன்னதும் பெற்றோர் பள்ளியைப் பார்ப்பார்கள், பள்ளி பெற்றோரைப் பார்க்கும், இருவரும் சேர்ந்து உணவு நிறுவனங்களைப் பார்ப்பார்கள். தம்பி விஷயத்தில் உதவியது வேறு விதமான பங்கீடு: அந்த மணி நேரத்தில் சாப்பாட்டை வாங்குவது யாரோ, அந்த மணி நேரம் அவருடையது. காலை ஆறு அம்மாவுக்கு. பத்து மணி பள்ளிக்கு. ஒன்றரை முதல் ஆறரை வரை பராமரிப்பு நிலையத்துக்கு. ஏழு மணி பாட்டிக்கு. பத்தரை அப்பாவுக்கு. தம்பிக்கு எந்த மணியும் ஒதுக்கவில்லை. அவன் பங்கு, பசித்தால் சாப்பிடுவது, போதும் என்றால் நிறுத்துவது. இன்னும் சாப்பிடு என்று யாரும் வற்புறுத்தக்கூடாது.

மருத்துவர் சொன்னதும் இதற்கு உதவியது. வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைக்க வேண்டியதில்லை பெரும்பாலும். எடை நின்ற இடத்தில் நின்றாலே, அல்லது மெதுவாக ஏறினாலே, உயரம் அதை எட்டிப் பிடிக்கும். அடுத்த ஓராண்டில் தம்பி 143 செ.மீ. ஆகி எடை 48.5 கிலோவில் நின்றால் பிஎம்ஐ 24.7இலிருந்து 23.7க்கு இறங்கிவிடும், ஒரு கிலோகூடக் குறைக்காமல். பட்டினி, டயட், கிலோவுக்கு இவ்வளவு பரிசு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அம்மாவின் மாற்றம் எளிது: கண்டென்ஸ்டு மில்க் போய் கொழுப்புக் குறைந்த பால் வந்தது, சாக்லேட் பன்னுக்குப் பதில் முட்டை சாண்ட்விச். முதல் வாரம் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், இரண்டாம் வாரம் மறந்துவிட்டான்.

கடினமானது ஏழு மணி. பாட்டிக்கு இருபது ஆண்டாகச் சர்க்கரை. காலையும் மாலையும் மாத்திரை, தன் தேநீரில் ஒரு துளி சீனி சேர்க்க மாட்டார். பேரனுக்கு மட்டும் தாராளம். பஞ்சத்தையும் கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையையும் பார்த்த தலைமுறைக்கு ஒல்லிப் பிள்ளைதான் நோய்ப் பிள்ளை. கொழுகொழு என்றிருந்தால் கண் படும் என்று பெருமைப்படுவார்கள். மருமகள் சொன்னால் அது மாமியார்-மருமகள் சண்டையாகத்தான் முடியும். இந்த வீட்டில் பேசியது மகன்.

"ஏம்மா, நீ மாத்திரை போடுற மாதிரி இவனும் நாற்பதுல போடணுமா?"

"வாயில வேற வார்த்தை வராதாடா உனக்கு?" என்று எழுந்து போய்விட்டார் பாட்டி. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் அவர் தட்டின் படம் வந்தது: இரண்டு தோசை, சாம்பார், வெள்ளரிக்காய். சாம்பாரில் முருங்கைக்காய், அவர் கைப்பட. பராட்டா ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. பாட்டிக்குத் தெரியாத சமையல் எதையும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நம் அடுப்படியிலேயே எல்லாம் இருந்தது, காப்பிக்கடை பக்கத்தில் இருந்ததால் மறந்து போயிருந்தது.

அப்பாவின் பத்தரை மணி இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. மீ கோரெங் நின்றது. ஆனால் அப்பா வரும்வரை விழித்திருப்பது நிற்கவில்லை. ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து, அப்பா காலையில் வீட்டில் இருக்கும் நாட்களில் அவரே தம்பியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவது என்று பேசியிருக்கிறார்கள். நடையும் ஆச்சு, அப்பாவும் கிடைச்சார். மற்ற நாட்களில் ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பதா என்பதில் வீட்டில் ஒரு முடிவும் இல்லை. சுகாதார அமைச்சு, கல்வி அமைச்சு, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு மூன்றும் சேர்ந்து 2025இல் தொடங்கிய குரோ வெல் எஸ்ஜி திட்டம் சாப்பாடு, தூக்கம், திரை நேரம், உடற்பயிற்சி நான்கையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் தூக்க நேரத்தை முடிவு செய்வது பாதி அவருடைய முதலாளி. திட்டங்களில் பெற்றோர், பள்ளி, சமூகம் எல்லாம் வருகிறார்கள், முதலாளி அரிதாகத்தான் வருகிறார்.

பள்ளியிடம் அம்மா கேட்டது இரண்டே விஷயம், அதுவும் பெற்றோர் ஆதரவுக் குழு வழியாக. நல்ல மதிப்பெண்ணுக்கு மிட்டாய் பரிசாகக் கொடுப்பதை நிறுத்த முடியுமா? வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டு முடிக்கவே இடைவேளை போதவில்லை, விளையாட நேரமில்லை. வகுப்பு வாரியாக இடைவேளையை வெவ்வேறு நேரத்தில் வைக்க முடியுமா? மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர் வந்துவிட்டது. இடைவேளை அட்டவணை அடுத்த ஆண்டுக்கு.

பராமரிப்பு நிலையம்தான் மீதி. கேட்டரிங் பட்டியலை மாற்றினால் கட்டணம் மாதம் சில வெள்ளி (டாலர்) கூடும் என்கிறார்கள். சில பெற்றோர் சரி என்றார்கள். இரண்டு பிள்ளைகளை அங்கே விடுகிறவர்கள் யோசித்தார்கள். யோசித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒப்பந்தம் ஆண்டுக் கடைசியில் புதுப்பிக்கும்போது பேசலாம் என்று நிலையம் சொல்லியிருக்கிறது. அதுவரை பொரித்த மீன் வாரத்தில் இரண்டு நாள் என்று குறைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு பிஸ்கட் தொடர்கிறது, பொட்டலப் பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர்.